காருக்கு வீசிங்

மே மாதம், மதியம் இரண்டரை மணி, மத்திய கைலாஷ் சிக்னல். வெளியே 38 டிகிரி என்றது போன். டாஷ்போர்டுக்கு அடியில் செருகியிருந்த ஓ.பி.டி. டாங்கிள், அதாவது காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களைப் படிக்கும் குட்டிக் கருவி, வேறோர் எண்ணைக் காட்டியது: 67. அந்த நிமிஷம் என் கார் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த காற்றின் சூடு அது. ஃபில்டர் காபியை ஆற்றாமல் வாயில் வைத்தால் நாக்கு சுடுமே, ஏறக்குறைய அந்தச் சூடு. இதில் வேடிக்கை, 38,500 ரூபாய் கொடுத்து நான் மாட்டியிருந்த சாமானின் பெயர் 'கோல்ட் ஏர் இன்டேக்', எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய்.

கார் எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும். இரண்டு கதவு, இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. அதை வாங்கும்போது என் மனைவியும் உடன் இருந்தாள். இன்டேக் வாங்கியது மட்டும் பார்சல் வந்த அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். பெட்டியில் இருந்தவை: வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, கூம்பு வடிவத்தில் சிவப்புப் பருத்தி ஃபில்டர், மூன்று பக்கம் மட்டும் மறைக்கிற தகரத் தடுப்பு, சிலிகான் ஹோஸ், நாலு கிளாம்ப், இரண்டு ஸ்டிக்கர். "இந்தக் குழாய்க்கா இவ்ளோ?" என்றாள். ஸ்டிக்கரும் சேர்த்துதான் என்றேன். அந்த ஜோக் எடுபடவில்லை.

ஜி.பி. ரோட்டில் ஆர்டர் எடுத்தவர், "12 எச்.பி. கேரண்டி சார், பிக்கப் அள்ளும்" என்றிருந்தார். எனக்கு இந்த வசனம் புதிதில்லை. 1996இல், பெரம்பூரில், மாமாவின் ஆர்எக்ஸ் 100ஐ வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் தெருமுனைப் பையன்கள் இதையே சொன்னார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி எறி, வண்டி பறக்கும். கழற்றினேன். இரண்டு நாள் பறந்தது மாதிரிதான் இருந்தது, ஏனென்றால் கார்புரேட்டர் வாய் திறந்தே இருந்ததில் சத்தம் இரட்டிப்பானது. மூன்றாம் நாள் மூலக்கடை தாண்டி பிஸ்டன் ஜாம். பின்சக்கரம் இறுகி, நான் ரோட்டோரம் மணலில். ஃபில்டர் இல்லாவிட்டால் காற்று தடையில்லாமல் பாயும். கார்புரேட்டரின் உறிஞ்சல் குறைந்து பெட்ரோல் குறைவாகச் சேரும். கலவை 'லீன்' ஆகி எஞ்சின் சூடேறும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற மெயின் ஜெட்டை மாற்றாமல் ஃபில்டரைக் கழற்றக் கூடாது என்பதை ரீபோர் பில் கட்டிய பிறகு மெக்கானிக் சொன்னார். மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இவ்வளவு பட்டவன் முப்பது வருஷம் கழித்து மறுபடி ஏன் காற்றில் கை வைத்தான் என்று கேட்கலாம். அந்தக் கணக்கு அப்படி மயக்குவது. எஞ்சின் என்பதே ஒரு காற்று பம்ப். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சென்னைச் சூட்டில் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று. வீட்டு மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்பதை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள், அவ்வளவு. இரண்டு லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலே, நொடிக்கு 100 லிட்டர் காற்றை விழுங்குகிறது. இத்தனையும் ஒரு காகித ஃபில்டர் வழியாகவும் கம்பெனிக்காரன் வைத்த நெளிந்த பிளாஸ்டிக் குழாய் வழியாகவும் போக வேண்டும். வழியை அகலமாக்கினால் அதிகம் போகும், அதிகம் எரியும், அதிக சக்தி வரும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இதில் ஒரு ஓட்டை உண்டு. நம் ஊர் ரோட்டில் எஞ்சின் எப்போது முழு மூச்சு விடுகிறது? ஓ.எம்.ஆரில் நாற்பதில் ஊரும்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடித்தான் கிடக்கும். தொண்டையை நாமே இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கை அகலமாக்கி என்ன பயன்? ஃபில்டரின் தடை பேசுவதே ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து, ஆர்.பி.எம். மேலே ஏறிய பிறகுதான். என் காரில் அது வாரத்துக்கு எத்தனை நொடி என்று ஒரு முறை லாக் எடுத்துப் பார்த்தேன். ஐந்து நாள் ஆபீஸ் போய் வந்ததில் மொத்தம் பதினொரு நொடி.

டர்போ என்றால் இன்னொரு சிக்கல். டர்போ இல்லாத பழைய காரில் வழியில் தடை குறைந்தால் உள்ளே போகும் காற்று தானாகக் கூடும். டர்போ காரில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஃபில்டர் பக்கம் கொஞ்சம் தடை இருந்தால் டர்போவைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விட்டு அதே இலக்கை எட்டும். தடையை எடுத்துவிட்டால் டர்போவுக்கு வேலை குறையும், நல்லதுதான். ஆனால் இலக்கு மாறாது. இலக்கை மாற்ற வேண்டுமென்றால் இ.சி.யூ.வின் கணக்கையே மாற்றி எழுத வேண்டும், ரீமேப் என்பார்கள், அதற்குத் தனிக் காசு. இந்த விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாட்டிய அன்று மாலை மகளைப் பாட்டு கிளாஸில் இருந்து கூட்டிவரப் போனேன். கிண்டியில் கொஞ்சம் அழுத்தினேன். முன்னால் இருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று உள்ளிழுக்கும் சத்தம், காலை எடுத்ததும் 'புஸ்ஸ்ஸ்'. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வயசுக்காரி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "அப்பா, காருக்கு வீசிங்கா?"

அந்தச் சத்தத்தைக் கம்பெனிக்காரன் தெரிந்தேதான் அடக்கி வைத்திருந்தான். இன்டேக் குழாயில் கிளையாக ஒரு காலி டப்பா தொங்கும், ரெசொனேட்டர் என்பார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் 'பூம்' என்று வருமே, அதே தத்துவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்தது. எந்தச் சுருதி காதை உறுத்துகிறதோ அதற்கேற்ற அளவில் டப்பா வைத்தால் அந்தச் சுருதி அமுங்கிப்போகும். கிட் மாட்டும்போது முதலில் போவது இந்த டப்பாதான். இதை 'வேண்டாத இடைஞ்சல்' என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். இப்போதைய டர்போ கார்கள் ஊமையாகிவிட்டன என்று சில கம்பெனிகளே செயற்கையாகச் சத்தம் செய்து கேபினுக்குள் அனுப்புகின்றன. ஃபோக்ஸ்வாகனில் அதற்கென்று கண்ணாடிக்குக் கீழே 'சவுண்டாக்டர்' என்றொரு அதிர்வுப் பெட்டி உண்டு. என்னுடையது ஒரிஜினல் சத்தம் என்று சில நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த 67.

புதுப்பேட்டையில் எனக்கு ஒரு பாய் இருக்கிறார். அறுபது தாண்டியவர், கூவம் பக்கத்துச் சந்தில் முன்பு பழைய அம்பாசடர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார், இப்போது யார் எதைக் கொண்டுபோனாலும் பார்ப்பார். பானெட்டைத் திறந்து கிட்டைப் பார்த்தவர் தொடக்கூட இல்லை. "தம்பி, சமையல்கட்டுல அடுப்புக்கு மேல மூக்க வெச்சு மூச்சு உட்டா எப்டி இருக்கும்?" என்றார். அவ்வளவுதான் மொத்த இயற்பியலும். கம்பெனிக்காரன் வைத்த ஃபில்டர் பெட்டி நாலு பக்கமும் மூடியது. கிரில்லுக்கு மேலே ஒரு வாய் வைத்து வெளிக் காற்றை மட்டும் இழுக்கும். என் கிட்டில் ஃபில்டர் எஞ்சின் அறைக்குள் திறந்து கிடந்தது. தடுப்புத் தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. வண்டி ஓடும்போது முன்னால் இருந்து காற்று அடித்துச் சூட்டைத் தள்ளிவிடும். சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் ஃபேன் ஊதுகிற கொதிகாற்றைத்தான் குடிக்க வேண்டும்.

சூடான காற்று லேசானது. 38 டிகிரியில் இருக்கும் காற்றை 67க்குச் சூடேற்றினால் அடர்த்தி ஏறக்குறைய எட்டரை சதவீதம் குறைகிறது. அதே அளவு ஆக்சிஜனும் போச்சு. டர்போ அதை அமுக்கும்போது சூடு இன்னும் பெருகும். இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு, நடைமுறையில் பார்க்கும் டர்போவின் திறனை வைத்துப் போட்டால், 38இல் உள்ளே போனது 130க்குச் சற்று மேலே வெளியே வரும். 67இல் போனது 170ஐத் தொடும். இன்டர்கூலர் இதைத் தணிக்க வேண்டும், ஆனால் நின்ற வண்டியில் இன்டர்கூலரே வெயிலில் காயும் அப்பளம். சூடு கூடினால் கலவை நேரம் தப்பித் தானாக வெடிக்கும் 'நாக்கிங்' வருமே என்று இ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளும். மொத்தத்தில் சிக்னல் விழுந்து கிளம்பும் முதல் சில நொடிகளில், 38,500 ரூபாய் செலவழித்து, முன்னைவிட மந்தமான காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். காதுக்கு மட்டும் வேகம்.

சென்னைக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு, புழுக்கம். 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருக்கிற நாளில் நாம் சுவாசிப்பதில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்கு மேல் வெறும் நீராவி. அந்த இடத்தில் இருக்க வேண்டிய காற்று இல்லை. டிசம்பர் கடைசியில் விடிகாலை கார் துள்ளுகிறதே, அது மனப்பிரமை இல்லை.

வெறும் குறை சொல்லக் கூடாது என்று மூன்று வாரம் அளந்தேன். ஒரு வாரம் கிட், ஒரு வாரம் கம்பெனிப் பெட்டி, ஒரு வாரம் பாய் கைவைத்த கிட். ஒரே பாதை, அடையாறில் இருந்து சோழிங்கநல்லூர், ஒரே நேரம். கம்பெனிப் பெட்டி சிக்னலில் 51ஐத் தாண்டவே இல்லை. வண்டி நகர்ந்து ஒரு நிமிஷத்துக்குள் 42க்கு இறங்கிவிடும். கிட் 60க்கு மேலேயே நின்றது, இறங்கவும் மூன்று, நாலு நிமிஷம் பிடித்தது. பாய் செய்தது என்னவென்றால், ஏதோ பழைய வண்டியின் கதவு பீடிங் ரப்பரை வெட்டித் தடுப்புத் தகட்டின் விளிம்பு முழுக்க ஒட்டி, பானெட்டை மூடினால் இடைவெளி அடைபடுகிற மாதிரி ஆக்கினார். கிரில்லில் இருந்து ஃபில்டர் வரைக்கும் ஒரு நெளிவுக் குழாய் இழுத்தார். சாமானுக்கு 350 ரூபாய், கூலி வாங்கவில்லை, டீ மட்டும். சிக்னல் எண் 55க்கு வந்தது. அதாவது கிட்டை எவ்வளவு தூரம் கம்பெனிப் பெட்டி மாதிரி ஆக்கினோமோ அவ்வளவு தூரம் அது நன்றாக வேலை செய்தது.

அலுமினியக் குழாய் சூட்டை இழுக்கும், பிளாஸ்டிக்தான் நல்லது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. குழாய் தொட முடியாத சூடுதான், ஆனால் அழுத்தி ஓட்டும்போது காற்று அதைக் கடக்கிற நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. ஃபில்டர் எங்கிருந்து மூச்சு எடுக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

காரை உருளைகள் மேல் ஓட விட்டுச் சக்தியை அளக்கும் டைனோவுக்கும் போனேன். நண்பர் ஒருவர் சேர்த்துவிட்டார். கம்பெனிப் பெட்டியோடு மூன்று ஓட்டம்: சக்கரத்தில் 187, 191, 188 எச்.பி. கிட்டோடு மூன்று: 193, 190, 194. பார்த்தவர்கள் கை கொடுத்தார்கள். பானெட் திறந்திருந்தது, எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. திறந்த ஃபில்டருக்கு அதைவிடச் சொர்க்கம் உண்டா? அந்த நிலையிலும் சராசரியில் கிடைத்தது நாலு எச்.பி.க்கும் கொஞ்சம் குறைவு, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். இனிமேல் யாராவது டைனோ படம் காட்டினால் நான் முதலில் பானெட்டைப் பார்ப்பேன்.

தூசியைச் சொல்லாமல் விட முடியாது. ஆற்காடு ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் மெட்ரோவுக்காகத் தோண்டித் தோண்டி, மாலையில் பானெட் மேல் விரலால் பெயர் எழுதலாம். இந்தத் தூசியில் மணல் துகள் இருக்கிறது. ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம் மாதிரி ராவும். காகித ஃபில்டர் இந்த வேலையில் கெட்டிக்காரன். கொஞ்சம் அழுக்கேறினால் இன்னும் நன்றாகவே பிடிக்கும், அதனால் சர்வீஸுக்குச் சர்வீஸ் மாற்றுவதுகூட வீண். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய்தான் தூசியைப் பிடிக்க வேண்டும். கழுவி, நிழலில் காயவைத்து, அளவாக எண்ணெய் விட வேண்டும். அளவு தப்பி நான் ஊற்றியதில் எண்ணெய் பறந்து போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்தது. காற்று எவ்வளவு வருகிறது என்று அந்தக் கம்பி குளிர்வதை வைத்துத்தான் இ.சி.யூ. கணக்குப் போடுகிறது. கம்பி பூசணம் பிடித்தால் கணக்கு தப்பும். ஐடிலில் நடுக்கம், மஞ்சள் விளக்கு, சென்சார் ஸ்ப்ரே, ஒரு சனிக்கிழமை போச்சு.

கடைக்காரர் இன்னொரு மாடலும் காட்டியிருந்தார். அதில் ஃபில்டர் பம்பருக்குள், சக்கரத்துக்கு முன்னால் தாழ்வாக உட்காரும். அங்கே காற்று நிஜமாகவே குளிர்ச்சி. வாங்காமல் விட்டதற்கு என் குலதெய்வம்தான் காரணம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் ஒரு கை நீர் போய்விட்டால் மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னையில் எந்த சர்வீஸ் சென்டர் வாசலிலும் இந்தக் கதைதான் வரிசையில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு கார். 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்காத இன்சூரன்ஸில் இது பெரும்பாலும் வராது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திய ஊர் இது. இங்கே போய் காரின் மூக்கை முழங்காலுக்குக் கீழே வைப்பதா? துரைசாமி சப்வேயை அப்படி ஒரு காரில், ஒரு சாதாரண மழையில்கூட, நான் கடக்க மாட்டேன்.

கிட்டுக்காக ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் டேக்குப் போனேன். 3.7 கிலோமீட்டர் சுற்று. அங்கே கால் தரையோடு இருக்கிற நேரம்தான் அதிகம், வண்டி நிற்பதே இல்லை. வெளியே 34, கிட் 41, 42 காட்டியது, அடுத்த செஷனில் கம்பெனிப் பெட்டி 40. ஏறக்குறைய சமம். ரீமேப் செய்து, பெரிய டர்போ வைத்து, காற்றின் தேவையை நிஜமாகவே கூட்டியவனுக்கு அந்த அகலமான குழாய் உதவும். லேப் நேரத்தைப் பொறுத்தவரை, நான் இரண்டாவது வளைவில் செய்த தப்புகளுக்கு முன்னால் இன்டேக் எல்லாம் பொருட்டே இல்லை.

அப்பா கதைக்கு வருகிறேன். அவருக்கு 78. எழுபதுகளில் பிப்ரவரி வந்தால் நண்பர்களோடு பஸ் பிடித்து சோழவரம் போய்விடுவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது, 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் வரை அதுதான் நம் ஊருக்கு எல்லாம். வெயிலில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது, கார்புரேட்டர் வாயில் ஃபில்டரே இல்லாமல் புனல் மாதிரி பளபளத்த குழல்கள், ரேஸ் ஆயிலில் கலந்த விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை, இதையெல்லாம் நான் ஸ்கூல் பையனாக இருந்த காலத்தில் இருந்து கேட்டு வளர்ந்தேன். என் காரில் ஏறும்போதெல்லாம் "தையல் மிஷின் மாதிரி ஓடுதேடா" என்பார். அது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

கிட்டைக் கழற்றிப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. புது காகித ஃபில்டரோடு கம்பெனிப் பெட்டி தன் இடத்துக்குப் போனது. 1,100 ரூபாய். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் இப்போது அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனால் ஜனவரியில், போகிப் புகை அடங்கிய பிறகு, ஓர் ஆறு வாரம் அதைத் திரும்ப மாட்டுகிறேன். மழை இல்லை, விடிகாலையில் 22 டிகிரி, ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேர வேலை. பாய் ஒட்டின ரப்பர் இன்னும் கெட்டியாக இருக்கிறது. போன ஞாயிறு ஐந்தரை மணிக்கு அப்பாவை எழுப்பி, ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, ஈ.சி.ஆரில் கிளம்பினோம். உத்தண்டி டோல் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. தாண்டியதும் கண்ணாடியை இறக்கினார். மூன்றாவது கியரில் அழுத்தினேன், முன்னால் இருந்து அந்த மூச்சு எழுந்தது, ரோட்டோரச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. காலை எடுத்தேன்.

"சத்தம் சரியா இருக்கு," என்றார் அப்பா. கோவளம் வளைவு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெளக்கெண்ண வாசனதான் இல்ல."